எங்கள் சுவரில் ஜப்பான் சாம்பல்

எங்கள் பிளாக்குக்கு அடித்த கலரின் பெயர் எலி. கேலிக்காகச் சொல்லவில்லை. ஜப்பான்காரர்கள் எலியை நெசுமி என்கிறார்கள். ஒருவகைச் சாம்பல் நிறத்துக்கும் அவர்களிடம் அதே பெயர்தான். பல நூறு வருஷமாக அவர்களுடைய துணியிலும் சுவரிலும் இருக்கிற நிறம். அதை எடுத்துக்கொண்டு வந்து எர்ணாவூரில், ஹவுசிங் போர்டு குடியிருப்பில், நாலு மாடிக்கும் மேலிருந்து கீழ்வரை பூசிவிட்டுப் போனார்கள். அந்தக் கலரைக் கலந்து கொடுத்தவள் நான். ஆகவே இதை எழுதும்போது வருகிற ஆத்திரத்தில் பாதி என்மேலேயே வருகிறது. மீதிப் பாதியை யார் யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவர்களுக்குக் கொடுத்துவிடத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு பெயின்ட் கடையில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறேன். கலர் கலக்கும் மிஷின் என் பொறுப்பு. வெள்ளை பெயின்ட் டப்பாவைத் திறந்து மிஷினுக்கு அடியில் வைத்து, கம்ப்யூட்டரில் ஷேடு நம்பரைத் தட்டினால் சொட்டுச் சொட்டாகக் கலர் விழும். மூடிக் குலுக்க வேண்டும். பிறகு திறந்து, விரலைத் தொட்டு, மூடியின்மேல் ஒரு பொட்டு வைக்க வேண்டும். எல்லாப் பெயின்ட் கடையிலும் இது வழக்கம். உள்ளே என்ன கலர் என்று திறக்காமலே தெரியும். தவிர, ஈரத்தில் பெயின்ட் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் வேறு நிறம் காட்டும். காய்ந்த பொட்டுதான் உண்மை சொல்லும். அந்தப் பொட்டு வைக்காமல் நான் ஒரு டப்பாவையும் கடையைவிட்டு அனுப்பியதில்லை.

பொட்டு சரியாக இருந்தாலும் சிலருக்குப் பிடிக்காது. "நான் கேட்ட மஞ்சள் இது இல்லை" என்று டப்பாவைத் திருப்பி அனுப்புவார்கள். கலந்த பெயின்ட்டைத் திரும்பப் பிரிக்க முடியாது. அதெல்லாம் கடைக்குப் பின்னால் மாசக்கணக்கில் கிடக்கும். இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போய்த் தொலை என்பார் முதலாளி. நான் ஆட்டோவில் ஏற்றி எர்ணாவூருக்குக் கொண்டுவந்துவிடுவேன். அப்படித்தான் எங்கள் பிளாக்குக்கு நிறம் வந்தது. ஒரு டாக்டர் வீட்டம்மா வேண்டாம் என்ற கிளிப்பச்சை எங்கள் மாடிப்படிக்கு. யாரோ குழந்தையின் அறைக்குக் கேட்டு, பிறகு மனசு மாறிய கத்திரிப்பூ நிறம் இரண்டாவது மாடி முதல் வீட்டுக்கு. வெங்காயத்தோல் கலர், மாம்பழக் கலர், பெயர் சொல்லத் தெரியாத ஒரு கலர். ஒன்றுக்கொன்று பொருந்தாதுதான். ஆனால் அழகாகத்தான் இருந்தது. கூரியர்காரனுக்கு வழி சொல்லும்போது "கத்திரிப்பூ வூடு" என்று சொன்னால் போதும், நேராக வந்து நிற்பான்.

எதிர் வீட்டு அக்காவின் வாசல் சுவர் மட்டும் வெள்ளை. ஒரு கல்யாண மண்டபத்துக்காக நான் கலந்தது. பால் வெள்ளை கேட்டோம், இது மோர் வெள்ளை என்று திருப்பிவிட்டார்கள். அக்கா அதைத்தான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். நான் வேறு நல்ல கலர் வரட்டும் என்றேன், கேட்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அக்கா கடற்கரைக் குப்பத்திலிருந்து இங்கே மாற்றப்பட்ட குடும்பம். திருவொற்றியூரில் மீன் விற்கிறார். கருக்கலிலேயே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவிடுவார். ஒரே மகள், ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கபடி டீமில் இருந்தாள். ரெய்டு போனால் மூச்சை விடாமல் பாடிக்கொண்டே எதிராளிப் பக்கம் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இவள் நல்ல உயரம், நல்ல கால். ஒருநாள் பாதியில் பாட்டு நின்றுவிட்டது. அடுத்த ஆட்டத்திலும் நின்றது. பி.டி. மாஸ்டர் பெஞ்சில் உட்காரவைத்தார். ஆஸ்பத்திரியில் வீசிங் என்றார்கள், தூசு இல்லாத இடத்தில் இருங்கள் என்றார்கள். எர்ணாவூரில் தூசு இல்லாத இடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் கரி எரிக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். காலையில் கதவைத் திறந்தால் வராந்தாக் கட்டைச்சுவரின்மேல் சலித்த மாவு மாதிரிச் சாம்பல் படிந்திருக்கும். கொடியில் போட்ட துணியை உதறாமல் உடுத்த முடியாது. தண்ணீர்க் குடத்தைத் திறந்து வைக்க முடியாது. இதையெல்லாம் எத்தனையோ பேர் எத்தனையோ முறை மனு எழுதிக் கொடுத்தாயிற்று. ஆதாரம் என்ன என்பார்கள். காற்றை மூட்டை கட்டியா கொண்டுபோய்க் கொடுக்க முடியும்?

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். திங்கட்கிழமை காலையில் ஈரத்துணியால் வாசல் சுவரில் இரண்டு கையகலத்துக்குத் துடைப்பார். போட்டோ எடுப்பார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தச் சுவரை யாரும் தொடக்கூடாது. மகள்கூட ஒதுங்கித்தான் நடப்பாள். அடுத்த திங்கட்கிழமை அந்த நாள் பேப்பரைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இன்னொரு போட்டோ. மோர் வெள்ளைச் சுவரில் துடைத்த சதுரம் எது என்று தெரியாத அளவுக்குச் சாம்பல் மூடியிருக்கும். மறுபடி பக்கத்தில் இன்னொரு சதுரம். இப்படிப் பல வாரம். ஏன் வெள்ளை கேட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண், சுவரையே நோட்டுப் புத்தகமாக வைத்துக்கொண்டிருந்தார்.

போட்டோக்களை மகள் பிரின்ட் போட்டு, மாசு பார்க்கும் ஆபீசுக்கு மனுவோடு அனுப்பினாள். பதில் வந்தது. புகைப்படங்களை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்க இயலாது, அதிகாரி நேரில் வந்து சுவரில் உள்ள படிவைப் பார்வையிடுவார் என்று தேதியும் போட்டிருந்தது. அக்கா அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அந்த ஒரு நாளைத்தான் அவர் நம்பியிருந்தார்.

அந்தத் தேதிக்கு ஒரு மாசம் இருக்கும்போதுதான் ஒரு தம்பி எங்கள் கடைக்கு வந்தார். நகரத்துத் தென்பக்கத்துப் பிள்ளை, கதர்ச் சட்டை, துணிப்பை, மரியாதையான பேச்சு. கட்டடங்களுக்கு நிறம் யோசித்துச் சொல்வது அவர் தொழிலாம். ஒரு குடியிருப்பு முழுவதுக்கும் ஒரே ஷேடு, இருபது லிட்டர் பக்கெட்டாக வேண்டும் என்றார். நிறத்துக்கு மாதிரியாக ஒரு பெரிய வழவழப்பான தாளைக் கொடுத்தார். ஜப்பானியப் பாரம்பரிய நிறங்களைப் பற்றிய புத்தகத்திலிருந்து எடுத்த பக்கம். நடுவில் உள்ளங்கையகலத்துக்கு அந்தச் சாம்பல். மேலும் கீழும் இங்கிலீஷில் எழுத்து. எந்தக் குடியிருப்பு என்று பில் போடும்போதுதான் கேட்டேன். எங்கள் பிளாக்கின் பெயரைச் சொன்னார். செலவு யாருடையது என்று கேட்டேன். கரி எரிக்கிற கம்பெனியின் பெயரைச் சொன்னார். சுற்றுப்புறத்தை அழகுபடுத்துகிறார்களாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பிளாக்கின் கீழே நாற்காலி போட்டுக் கூட்டம். தம்பி மைக் இல்லாமலே நன்றாகப் பேசினார். உங்கள் கட்டடத்தைப் பார்த்தால் கண்ணுக்கு இரைச்சலாக இருக்கிறது என்றார். ஜப்பானில் நூற்றாண்டுக் கணக்காகச் சாம்பல் நிறத்தை மதிக்கிறார்கள், அடக்கத்துக்கும் அமைதிக்கும் பக்குவத்துக்கும் அதுதான் அடையாளம், தன்னை முன்னால் தள்ளிக்கொள்ளாத நிறம், தேநீர் அருந்தும் அறைகளில்கூட அப்படிப்பட்ட நிறங்களைத்தான் விரும்புவார்கள் என்றார். நெசுமி என்று அழகாக உச்சரித்தும் காட்டினார். கைதட்டினோம். கஷ்டப்பட்டு இவ்வளவு தூரம் வந்த பிள்ளை, தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

ஒரு பெரியவர் சாக்கடை அடைப்பு எடுப்பார்களா என்று கேட்டார். அது வேறு டிபார்ட்மென்ட் என்று பதில் வந்தது. ஒரு பெண் மாம்பழக் கலரையே மறுபடி அடித்தால் என்ன என்றாள். தம்பி சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் அடக்கம் இல்லாமல் இருக்கிறோம் என்று இவரிடம் யார் புகார் சொன்னது? மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாதபோதும் நாங்கள் அடக்கமாகத்தான் குடம் தூக்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அமைதி கற்றுக்கொடுக்க ஜப்பானிலிருந்து எலி வர வேண்டுமா? வாய்வரை வந்தது, முழுங்கிவிட்டேன். முதலாளிக்குப் பெரிய ஆர்டர், என் வேலை. பிளாக் சங்கத்துச் செயலாளர் எல்லோருக்கும் சேர்த்துத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து கலக்க ஆரம்பித்தேன். சாம்பல் கலப்பது லேசு என்று நினைப்பார்கள். கறுப்பு மட்டும் விட்டால் செத்த நிறமாக வரும். கொஞ்சம் காவி, ஒரு துளி நீலம், இரண்டு துளி மஞ்சள் என்று பார்த்துப் பார்த்து விட வேண்டும். தாளில் இருந்த நிறத்துக்கு மிஷினில் நம்பர் கிடையாது, கண்ணால்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நான்கு முறை தவறி ஐந்தாவது முறை பிடித்தேன். என் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த நிறம் நல்ல நிறம். மழை வருமுன் கடல்மேல் இருக்கும் வானத்தில் அது உண்டு. இத்தனை வருஷத்தில் நான் பிடித்த ஷேடுகளில் அது கஷ்டமானது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. வெட்கக்கேடு, ஆனால் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தாளைப் படித்தேன். எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஓடும். தெரியாத வார்த்தையைப் போனில் பார்த்துக்கொள்வேன். மேல்பாதியில் தம்பி சொன்னது அப்படியே இருந்தது. அடக்கம், அமைதி, பக்குவம், தேநீர். கீழ்ப்பாதியில் அவர் சொல்லாதது இருந்தது.

முன்னொரு காலத்தில் ஜப்பானை ஆண்டவர்கள் சாதாரண ஜனங்களுக்கும் வியாபாரிகளுக்கும் ஆடம்பரம் கூடாது என்று சட்டம்மேல் சட்டம் போட்டார்களாம். இன்ன துணி கூடாது, பளிச்சென்ற சிவப்பு கூடாது, ஊதா கூடாது. மிச்சம் இருந்தது பழுப்பு, நீலம், சாம்பல். ஜனங்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. சாயக்காரர்கள் அந்தச் சாம்பலுக்குள்ளேயே வேலையைக் காட்டினார்கள். கொஞ்சம் செர்ரிப் பூ கலந்த சாம்பல், கொஞ்சம் ஊதாப் பூ கலந்த சாம்பல், வெள்ளி மினுக்கும் சாம்பல், புறாச்சிறகுச் சாம்பல். நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல் என்று பேச்சே உண்டாம். ஆள்பவன் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உடுத்தியவனுக்கும் அவன் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் மட்டும் வித்தியாசம் தெரியும். சிலர் வெளியே சாம்பல் உடுத்தி, உள்ளே யாரும் பார்க்காத பக்கத்தில் பளபளப்பான பட்டு வைத்துத் தைத்துக்கொண்டார்களாம்.

அதற்கும் கீழே ஒரு வரி. ஏன் அதைச் சாம்பல் என்று சொல்லாமல் எலி என்று சொன்னார்கள்? அந்த ஊரில் வீடெல்லாம் மரம், அடிக்கடி தீப்பிடிக்கும். எரிந்துபோன வீட்டை நினைவுபடுத்துகிறது என்று சாம்பல் என்ற பெயரையே ஜனங்கள் வாயில் வைக்கவில்லை என்று போட்டிருந்தது.

சோற்றுக் கை காய்ந்துவிட்டது எனக்கு. வஞ்சிரத்தில் நடுத்துண்டை எடுத்துக்கொண்டு தலையையும் முள்ளையும் மறைத்த மாதிரி, அந்தத் தம்பி ஒரு பக்கத்தில் பாதியை மட்டும் எங்களிடம் படித்துக் காட்டியிருக்கிறார். அடக்கத்தின் நிறமா அது? அடக்கி வைக்கப்பட்டவர்களின் நிறம். அடக்கியவனுக்குத் தண்ணி காட்டிய நிறம். நிறம் கூடாது என்று சொன்னவனுக்கு நூறு நிறம் செய்து காட்டியவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. யாரோ வேண்டாம் என்று தள்ளிய டப்பாக்களை வைத்துக்கொண்டு பிளாக்குக்கே பூசினோமே, அவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். அப்படிப்பட்டவர்கள் கண்ட நிறத்தை வைத்தே கம்பெனி எங்கள் வாயை மூடப் பார்க்கிறது. இத்தனைக்கும் அந்த ஜனங்கள் சாம்பல் என்ற சொல்லையே தவிர்த்தார்கள். எங்கள்மேல் தினமும் சாம்பலைக் கொட்டுகிறவர்களே சாம்பல் கலரையும் வாங்கித் தருகிறார்கள். கூடவே அர்த்தமும் இலவசம்.

இவ்வளவு தெரிந்தும் முக்கியமானது ஒன்று அப்போது எனக்குப் புரியவில்லை. என் தொழிலில் இருக்கிறவளுக்கு முதல் நாளே புரிந்திருக்க வேண்டும்.

பக்கெட்டுகள் பிளாக்கின் கீழே வந்து இறங்கின. பெயின்டர்கள் வர நாலு நாள் ஆனது. நாலாவது நாள் சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன், பக்கெட்டெல்லாம் படிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறது. ஒன்றிலும் பொட்டு இல்லை. பதினொரு வருஷத்தில் மறந்ததில்லை, இத்தனை பக்கெட்டிலுமா மறந்திருப்பேன்? குனிந்து பார்த்தேன், தெரியவில்லை. மூடியைத் தடவினேன். விரலில் மேடாகத் தட்டியது. பொட்டு இருக்கிறது. சாம்பல் அதை மூடியிருக்கிறது. முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். துடைத்த இடத்தில் இருந்த பொட்டும், துடைக்காத இடத்துச் சாம்பலும் ஒரே நிறம். கையால் கலந்த எனக்கே கண்ணால் பிரிக்க முடியவில்லை.

அக்காவின் சுவரில் இதைப் பூசினால் என்ன ஆகும் என்று அங்கேயே, அந்தப் பக்கெட்டுகளுக்கு நடுவிலேயே புரிந்துவிட்டது.

மேலே போய் அக்காவிடம் சொன்னேன். அவர் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. பிறகு கேட்டார்.

"ஆபீசரு வர்ற வரிக்கும் என் செவுத்துல கை வெக்கக் கூடாதுன்னு யாராண்ட சொல்லணும்?"

மறுநாள் தம்பி வேலையைத் தொடங்கிவைக்க வருவதாக இருந்தது. நான் கடைக்கு லேட்டாக வருகிறேன் என்று போன் செய்துவிட்டு அவருக்காகக் கீழே நின்றேன். அந்தத் தாளையும் கையில் வைத்திருந்தேன். வந்ததும் கீழ்ப்பாதியை நீட்டி, இதை ஏன் தம்பி எங்களுக்குப் படிக்கவில்லை என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. அது இன்னும் அழகான வரலாறு மேடம், நேரம் இல்லாததால் விட்டுவிட்டேன் என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அந்தப் பிள்ளைக்கு ஜப்பானின்மேல் உண்மையாகவே ஆசை இருந்தது. எர்ணாவூரின்மேல்தான் இல்லை.

அடுத்ததாக, நூறு சாம்பல் இருக்க ஏன் சரியாக இந்தச் சாம்பலைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கம்பெனியில ஒரே ஒரு கண்டிஷன்தான் மேடம் போட்டாங்க. அழுக்கு தெரியாத கலரா வேணும்னாங்க. சாம்பிளுக்கு இங்க இருந்து கொஞ்சம் தூசியும் அனுப்பினாங்க. அதுக்குக் கிட்ட எது வருதுன்னு புத்தகத்துல பார்த்தேன்."

அவர் சொன்னதன் அர்த்தம் அவருக்கே தெரியவில்லை. எங்கள் சாம்பலை அள்ளி அனுப்பி, அதற்குப் பொருத்தமாகப் பெயின்ட் தேடியிருக்கிறார்கள். சேலைக்கு மேட்சிங் பிளவுஸ் தேடுவதுபோல. ஐந்து முறை கலந்து, கண் வலிக்க வலிக்க நான் பிடித்த ஷேடு ஜப்பானுடையதே இல்லை, எங்கள் கட்டைச்சுவரில் தினமும் நான் துடைக்கிற ஷேடு. ஜப்பான் அதன் மேலே சுற்றிய ஜரிகைத்தாள்.

அக்காவின் சுவரைப் பற்றி அவரிடம் சொன்னேன். கபடி விளையாட முடியாத பெண்ணைப் பற்றியும் சொன்னேன். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றார். அந்த ஒரு சுவரை விட்டுவிடச் சொல்கிறேன் என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். யாரிடம் சொன்னாரோ, சொன்னாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பிறகு அவர் பிளாக் பக்கம் வரவில்லை. சங்கச் செயலாளரிடம் போய் நின்றோம். சும்மா கிடைக்கிற பெயின்ட்டுக்கு ஏன் பேஜார் பண்றீங்க என்று அலுத்துக்கொண்டார். அக்கா வாசலில் உட்கார்ந்தே இரண்டு நாள் காவல் காத்தார். மூன்றாம் நாள் வியாபாரத்துக்குப் போகாமல் முடியவில்லை. நான் கடையில் இருந்தேன், பெண் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் மோர் வெள்ளை இல்லை. பெயின்டர்களைத் திட்டிப் பயனில்லை. கொடுத்த சுவரில் அடிப்பது அவர்கள் வேலை, எனக்குக் கலப்பது வேலை என்பதைப்போல.

அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மே கலந்துகீற," என்றார்.

செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். மிஞ்சிக் கிடந்த வெள்ளை ஒன்று இருக்கிறது, ராத்திரியோடு ராத்திரியாக அடித்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். புது வெள்ளையில் சாம்பல் தெரிந்தாலும், காட்டுவதற்காக நாமே பூசிவைத்தோம் என்று சொல்லிவிடுவார்கள் என்றார். அதுவும் சரிதான். அவர் படிக்காதவர் என்று நான் மேலே எழுதியது எவ்வளவு அபத்தம் என்று இப்போது படுகிறது.

குறித்த தேதியில் அதிகாரி வந்தார். அதைச் சொல்லியாக வேண்டும், சொன்ன நாளில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பைல், நாலு மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு. அக்கா நல்ல புடவை கட்டியிருந்தார். பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். நானும் லீவு போட்டிருந்தேன். பழைய போட்டோக்களை வரிசையாகக் காட்டினோம். இதெல்லாம் பார்த்தாச்சும்மா, நேரில் என்ன பார்க்கிறேனோ அதைத்தான் எழுத முடியும் என்றார். தன்மையாகத்தான் சொன்னார்.

சுவரைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். பத்து நாள் சாம்பல் அதன்மேல் இருந்தது. எனக்கும் அக்காவுக்கும் அது இருப்பது தெரியும். அவர் கண்ணுக்கு நன்றாகப் பூசிய, சுத்தமான, ஒரே சீரான சுவர். பைலில் எழுதத் தொடங்கினார். எழுதுமுன் என்ன தோன்றியதோ, ஆள்காட்டி விரலைச் சுவரில் வைத்து ஒரு சாண் இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனி சாம்பலாக இருந்தது.

"பெயின்ட் இன்னும் காயலையா?" என்று கேட்டார்.

அதைக் கலந்தவளே நான்தான் சார், ரெண்டு மணி நேரத்துல காய்ற பெயின்ட், அடிச்சுப் பத்து நாளாச்சு, அது பெயின்ட் இல்லை என்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது, கீழ் மாடியில் கதவு திறந்தது. அவர் என்னைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து விரலை அழுத்தித் துடைத்தார். நடுவில் நீளமாக ஒரு கறை விழுந்தது. மடித்துப் பாக்கெட்டில் வைக்கப் போனார்.

அக்கா படிக்குக் குறுக்கே வந்து நின்று கையை நீட்டினார்.

"சார், அந்தக் கர்ச்சீப்பக் குட்து போ சார்."

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. மீன் விற்கிற கை, மரியாதைக்குத் துவைத்துத் தரக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டார்போல.

"பரவாயில்லம்மா. வீட்ல தோய்ச்சிடுவாங்க," என்றார்.

அக்கா நீட்டிய கையை மடக்கவில்லை.

"தோச்சா பூடும் சார். அதான் கேக்கறேன்."